மதிப்பெண் ஃபோல்டர் திறக்கிறது, சேமிக்கத்தான் முடியவில்லை

சர்வரில் பகிர்ந்திருக்கும் மதிப்பெண் ஃபோல்டரை ஆசிரியர்கள் திறக்க முடிகிறது, சேமிக்க முடியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி டேபை விடுங்கள், ஷேரிங் டேபைப் பாருங்கள். செக்யூரிட்டி டேபில் ஆசிரியர் குழுவுக்கு மாடிஃபை (மாற்றி எழுதும் அனுமதி) கொடுத்தும் 'ஆக்சஸ் டினைட்' (அனுமதி இல்லை) வருகிறது, ஆனால் சர்வரிலேயே உட்கார்ந்து சேமித்தால் சேமிக்கிறது என்கிறீர்கள். அதுவே துப்பு. விண்டோஸ் சர்வரில் நெட்வொர்க் வழியாக வருபவருக்கு ஷேர் அனுமதி (ஷேரிங் டேபில் இருப்பது), என்டிஎஃப்எஸ் அனுமதி (செக்யூரிட்டி டேபில் இருப்பது) இரண்டும் பார்க்கப்படும். எது குறைவோ அதுதான் கிடைக்கும். சர்வரில் நேரடியாகத் திறக்கும்போது ஷேர் அனுமதி கணக்கிலேயே வராது.

அநேகமாக ஷேர் அனுமதியில் எவ்ரிஒன் (எல்லோரும்) என்பதற்கு ரீட் (படிக்கும் அனுமதி) மட்டும் இருக்கும். அட்வான்ஸ்டு ஷேரிங்கில் கை வைக்காமல் விட்டால் அப்படித்தான்.

1. அட்வான்ஸ்டு ஷேரிங், பர்மிஷன்ஸ் போய் ஆசிரியர் குழுவைச் சேர்த்து சேஞ்ச் கொடுங்கள்.
2. ஓர் ஆசிரியரின் கணினியிலிருந்து அந்த ஃபோல்டரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் உருவாக்கிப் பாருங்கள். அவரைக் குழுவில் இப்போதுதான் சேர்த்தீர்கள் என்றால் லாக் ஆஃப் செய்து மறுபடி உள்ளே வரச் சொல்லுங்கள். இதை மறந்துவிட்டு நான் ஒரு மதியம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன்.

அப்புறம், மாணவர்களைத் தடுக்கிறேன் என்று டொமைன் யூசர்ஸுக்கு (நெட்வொர்க்கின் எல்லாப் பயனர்களும் இருக்கும் குழு) டினை (தடை) போட்டுவிடாதீர்கள். ஆசிரியர்களும் அந்தக் குழுவில்தான் இருப்பார்கள், எல்லோரும் வெளியே நிற்பார்கள். மாணவர் குழுவைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டாலே போதும். எவ்ரிஒன் வழியாக இரண்டு டேபிலும் அனுமதி மிச்சமில்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.