சென்னை வானொலி நிலையம் உண்மையில் எப்போது தொடங்கியது? 1924 என்கிறார்கள், 1938 என்கிறார்கள். எது சரி?

இரண்டுமே சரிதான், எதைத் தொடக்கம் என்று கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1938 ஜூன் 16 என்பது அகில இந்திய வானொலி சென்னையில் ஒலிபரப்பைத் தொடங்கிய நாள். ஆனால் நகரத்தின் வானொலிக் கதை அதற்கு 14 ஆண்டுகள் மூத்தது.

1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கி, சிறிய டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வைத்து ஒலிபரப்பினார்கள். அரசு உதவியை எதிர்பார்க்காமல் ஆர்வலர்கள் செய்த காரியம் இது. இன்னும் பெரிதாகக் கொண்டாடப்பட வேண்டும் என்பேன். பணம் போதாமல் 1927இல் நின்றுபோனது. கருவி மாநகராட்சிக்குப் போனது.

1930இல் மாநகராட்சி ஒலிபரப்பை மீண்டும் தொடங்கியது. வீட்டில் ரேடியோ வாங்க முடியாதவர்களுக்காக மெரினா போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்தார்கள். கடற்கரைக்கு வந்தவர்கள் மணலில் உட்கார்ந்தபடியே கச்சேரி கேட்கலாம். எட்டு ஆண்டுகள் கழித்து அகில இந்திய வானொலி வந்ததும் மாநகராட்சி விலகிக்கொண்டது.

பிறகு 1977 ஜூலை 23: நாட்டின் முதல் எஃப்எம் ஒலிபரப்பு சென்னையில்தான் நடந்தது. மீடியம் வேவில் கூடவே வரும் கரகரப்பு இதில் மிகக் குறைவு. அப்போது பலரிடம் அதைப் பிடிக்கும் ரேடியோ இல்லை என்பதால், எஃப்எம் வீடுவீடாகப் பரவ 1990கள் வரை ஆனது.