வாட்ஸப் குரூப்பில் வருவதை ஏன் எல்லாரும் ஃபார்வர்டு செய்யாமல் காப்பி எடுத்து, தாங்களே எழுதியது மாதிரி போடுகிறார்கள்?

ஃபார்வர்டுக்குக் கடிவாளம் இருக்கிறது, காப்பிக்கு இல்லை, அவ்வளவுதான். 2018இல் இந்தியாவில் ஒரு தடவைக்கு 5 சாட் என்று வாட்ஸப் வரம்பு வைத்தது, 2020 ஏப்ரலில் அதை இன்னும் இறுக்கி, பல கை மாறி இரட்டை அம்புக்குறி விழுந்த செய்தி என்றால் ஒரு தடவைக்கு ஒரே சாட்டுக்குத்தான் என்றது. அதையே காப்பி எடுத்து ஒட்டினால் அம்புக்குறி போய்விடும். டெலிகிராமிலும் ஃபார்வர்டு செய்தால் பெரும்பாலும் மூலச் சேனலின் பெயர் கூடவே வரும், அதனால்தான் சில சேனல்காரர்கள் காப்பி எடுத்துத் தங்கள் லோகோவைப் போட்டுக்கொள்கிறார்கள் (திருட்டுதான், வேறென்ன).

ஆனால் தெரு குரூப் கதை வேறு. வடசென்னையில் எங்கள் தண்டையார்பேட்டையில் மழை பிடித்தாலே "செம்பரம்பாக்கம் திறந்தாச்சு, உடனே வெளியேறுங்கள்" என்று ஒன்று வரும். அந்த ஏரித் தண்ணீர் தெற்கே அடையாற்றில் போகிறது, வடக்கே இருப்பவர்கள் பார்க்க வேண்டியது புழல், பூண்டி ஏரிகளை. போட்ட அக்காவைக் கேட்டேன். "நாத்தனார் அனுப்பிச்சாங்கப்பா, நாலு பேருக்கு நல்லதுதானேன்னு போட்டேன்" என்றார். சரி, தேதி எங்கே? 'இன்று இரவு' என்று மட்டும் இருந்தது, எந்த வருஷத்து இரவோ!