அவர்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்களா?

கேள்வி: என் அப்பா நேரம், கணக்கு, ஒழுங்கு என்று வாழ்ந்தவர். அம்மா நேர் எதிர், எதையும் கடைசி நிமிடத்தில்தான் செய்வார், முன்பின் தெரியாதவரிடம்கூட ஐந்தே நிமிடத்தில் ஒட்டிக்கொள்வார். 51 வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். இப்போது இருவருமே இல்லை. பேரப்பிள்ளைகளுக்காக அவர்களைப் பற்றி எழுதி வைக்க ஆசை. ஆனால் என் அண்ணன், "அம்மா பட்ட பாடு உனக்கென்ன தெரியும், பூசி மெழுகி எழுதாதே" என்கிறார். எனக்கோ அவர்கள் ஒருவரையொருவர் கேலி செய்து சிரித்ததுதான் ஞாபகம் இருக்கிறது. யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம் அம்மா. அண்ணன் உங்களைவிட எத்தனை வயது மூத்தவர் என்று எழுதவில்லை. ஏழெட்டு வயது வித்தியாசம் என்றாலே நீங்கள் இருவரும் பார்த்தது வெவ்வேறு கல்யாணம். அவர் பார்த்தது, இவரை எப்படியாவது மாற்றிவிடலாம் என்று இரண்டு பேரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம். உங்களுக்கு விவரம் தெரிந்தபோது அந்த ஆசையை இருவரும் கைவிட்டிருப்பார்கள், அப்புறம்தான் கேலியெல்லாம் வரும். தம்பதியரைப் பல வருடம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், கணவன் மனைவி பிணக்குகளில் சுமார் 69 சதவீதம் கடைசிவரை தீராதவை என்கிறார், காரணம் அவை சுபாவத்திலிருந்து வருகின்றன. நன்றாக வாழ்பவர்களுக்கும் அதே சண்டைதான், போடுகிற விதம்தான் வேறு.

இன்னொன்று, அவர்கள் நிஜமாகவே அவ்வளவு எதிரெதிரா? 2023இல் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தம்பதியர் பற்றிய பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, பெரும்பாலான விஷயங்களில் ஜோடிகள் ஒத்துப்போவதுதான் தெரிந்தது. அதுவும் படிப்பு, அரசியல், மத நம்பிக்கை போன்றவற்றில் ஒற்றுமை அதிகம், கலகலப்பு, கூச்சம் மாதிரியான சுபாவங்களில் குறைவு. பிள்ளைகள் கண்ணில் படுவதோ சுபாவம் மட்டும்தான், அதுதானே வீட்டில் சத்தம் போடும்! கஷ்டம் என்று வந்தவருக்குக் கொடுப்பதா வேண்டாமா, பிள்ளைகளிடம் பொய் சொல்லலாமா, இதிலெல்லாம் அவர்கள் என்றாவது முட்டிக்கொண்டார்களா? யோசித்துப் பாருங்கள்.

சரி, எழுதுவதற்கு வருவோம். "அப்பா கண்டிப்பானவர், அம்மா வெகுளி" என்று ஆரம்பித்தால் அண்ணன் சண்டைக்கு வருவார், வரட்டும், நியாயம்தான். ஒரு பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா ஒரு மணி நேரம் முன்னாலேயே பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நிமிடத்துக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்ப்பார், அம்மா அப்போதுதான் புடவை தேடுவார் என்றால், கடைசியில் இரண்டு பேரும் ஒரே ரயிலில் எப்படித்தான் போனார்கள்? அவர் பொறுத்துக்கொண்டாரா, கத்தினாரா, அம்மாவிடம் நேரத்தை முன்கூட்டிச் சொல்லி ஏமாற்றினாரா? அம்மா அழுதாரா, சிரித்தாரா? இப்படி நாலைந்து சம்பவம் எழுதினால் யார் விட்டுக்கொடுத்தார் என்பது தானாகத் தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே ஆள்தான் என்றால் உங்கள் அண்ணன் சொல்வதில் விஷயம் இருக்கிறது, அதையும் எழுதத்தான் வேண்டும். பொருத்தமான எதிர்துருவங்கள் என்று சொல்லி எத்தனையோ வீடுகளில் ஒருவருடைய வாயை அடைத்திருக்கிறார்கள்.

சேர்ந்து வாழ்பவர்கள் ஞாபகத்தைக்கூடப் பங்கு போட்டுக்கொள்வார்கள் என்று டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1980களிலேயே எழுதினார். தேதியும் பாக்கியும் அப்பா பொறுப்பு, யார் யாருக்கு என்ன உறவு என்பது அம்மா பொறுப்பு என்று உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். அதனால் அப்பாவின் நோட்டுகளை மட்டும் புரட்டினால் பாதிக் கதைதான் கிடைக்கும். அம்மாவின் சிநேகிதிகள் யாராவது இருந்தால் இந்த மாதமே போய்க் கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

அண்ணனையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். இருவரும் முடிக்கும்வரை ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க வேண்டாம், படித்தால் அவருடைய ஞாபகம் உங்களுடையதில் கலந்துவிடும். முடித்ததும் ஒட்டுப்போட்டு ஒரே கதையாக்காமல், இரண்டையும் அப்படியே பேரப்பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள்.