வாசகர் கேள்வி – பதில்: எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைகள்

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். கதை சொன்னால் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்கிறான். சந்தையில் மீதிச் சில்லறையை மனக்கணக்காகவே போட்டுவிடுகிறான். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் ஒரு வரியைக் கடக்கவே திணறுகிறான்; 'கொடை' என்பதைக் 'காடை' என்று படிக்கிறான். சோம்பேறித்தனம் என்று எண்ணி அடித்தும் பார்த்துவிட்டோம். 'டிஸ்லெக்சியா'வாக இருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். யாரைப் பார்க்க வேண்டும்?
– வாசகி, பென்னாகரம்

பதில்: முதலில் அடிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள், அம்மா. உங்கள் மகனுக்கு அறிவில் குறை இல்லை என்பதை நீங்கள் எழுதியுள்ள செய்திகளே காட்டுகின்றன. டிஸ்லெக்சியா என்பது பேச்சின் ஒலிகளைப் பிரித்தறிந்து அவற்றை எழுத்தோடு இணைப்பதில் மூளைக்கு ஏற்படும் இடர்ப்பாடு. பிறவியிலேயே அமைவது, பல குடும்பங்களில் வழிவழியாக வருவது. புத்திக்கூர்மைக்கோ பெற்றோரின் வளர்ப்புக்கோ அதில் பங்கில்லை.

'காடை' என்று அவன் படித்ததை உற்றுப் பாருங்கள். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க, ஒலியோ ஒன்றாகத்தான் பிறக்கிறது. கொம்பைக் கண் முதலில் கண்டாலும், அதன் ஒலியை 'க்' என்பதற்குப் பின்னரே வாய் சொல்ல வேண்டும். உங்கள் மகன் கொம்பை விட்டுவிட்டு, எஞ்சிய 'கா'வைச் சரியாகவே படித்திருக்கிறான். 'ர–ற', 'ல–ள–ழ', 'ன–ண' ஆகியவற்றில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தடுமாற்றம் வருவதுண்டு. பயிற்சிக்குப் பின்னும் அது நீங்காமல், படித்த சொல்லையே அடுத்த வரியில் புதிதாகக் காண்பதுபோல் கூட்டிப் படித்தால்தான் ஐயம் கொள்ள வேண்டும்.

கண், காது பரிசோதனைகளை முதலில் முடித்துவிடுங்கள். பிறகு பள்ளித் தலைமையாசிரியரிடம் சொல்லி, உங்கள் ஒன்றியத்து வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைப் பார்க்கக் கேளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் இத்தகைய பிள்ளைகளுக்கு உதவவென்றே அவர்கள் இருக்கிறார்கள். மருத்துவ மதிப்பீட்டுக்குத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவிலும் மனநலப் பிரிவிலும் கேட்கலாம். குழந்தை மருத்துவர், உளவியல் நிபுணர் ஆகியோரின் மதிப்பீடு இதற்குத் தேவை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, டிஸ்லெக்சியா உள்ளிட்ட குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை அது பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறை, 8 வயதுக்குப் பிறகு சான்றிதழ் பெறலாம் என்றும் 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு உண்டு என்றும் வகுத்திருந்தது. அரசுப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளுக்கு அந்தச் சான்றிதழ் அடிப்படையாகும். ஆனால் சான்றிதழ் தேர்வறைக்கு உதவுமே தவிர, வாசிக்கக் கற்றுத்தராது. அது கைக்கு வரும்வரை பயிற்சியைத் தள்ளிப்போடுவது பெரும் இழப்பு என்பேன். நாள்தோறும் சிறிது நேரம், ஓர் எழுத்தை மணலில் எழுதி, வாய்விட்டு ஒலித்து, அவ்வெழுத்து வரும் சொற்களை அசை அசையாகப் பிரித்துச் சேர்க்கச் செய்யுங்கள். அது நன்கு படிந்த பின்னரே அடுத்த எழுத்துக்குச் செல்ல வேண்டும். பாடப்புத்தகத்தை நீங்கள் படித்துக்காட்டுங்கள். வாசிப்பு தாமதமாவதால் அவனது பொது அறிவும் தாமதமாகிவிடக் கூடாது.

கேள்வி: நினைவாற்றல் டானிக், வண்ணக் கண்ணாடி ஆகியவற்றால் இது குணமாகுமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: ஆகாது. டிஸ்லெக்சியாவுக்கு மருந்தே இல்லை. அந்தப் பணத்தைப் பயிற்சிக்குச் செலவிடுங்கள்.

கேள்வி: நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. என் வகுப்பில் பலருக்கு வீட்டுமொழி தெலுங்கு அல்லது கன்னடம். தமிழில் பின்தங்கும் பிள்ளைகளுள் யாருக்குக் கற்றல் குறைபாடு என்று எப்படி அறிவது?
– வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: நம் எல்லைப் பகுதிக்கே உரிய, மிகத் தேவையான கேள்வி. வீட்டில் கேளாத மொழியில் எழுத்துக் கற்கும் பிள்ளை தாமதமாவது இயல்பு. அதைக் குறைபாடு என்று எழுதிவிடுவது அநீதி. ஆனால் 'மொழி புதிது, போகப்போகச் சரியாகும்' என்று உண்மையான குறைபாட்டைக் கவனிக்காமல் விடுவதும் அதே அளவு தீங்கு செய்யும். ஆகவே எழுத்தை ஒதுக்கிவைத்து, பிள்ளையின் வீட்டுமொழியிலேயே ஒலியைச் சோதியுங்கள். ஒரு தெலுங்குச் சொல்லின் முதல் ஒலி எது, அதை நீக்கினால் எஞ்சுவது எது, ஒரே ஓசையில் முடியும் இரு சொற்கள் எவை என்று விளையாட்டாகக் கேளுங்கள். அந்த மொழி தெரிந்த சத்துணவு அமைப்பாளரோ பெற்றோரோ உடனிருந்தால் எளிது. வீட்டுமொழியில் இவற்றைச் சரளமாகச் செய்யும் பிள்ளைக்குப் பெரும்பாலும் தமிழ்ப் பழக்கமே தேவை. தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டப் பயிற்சியை அவனது நிலையிலிருந்து தொடங்கினால் போதும். இரு மொழியிலும் ஒலியைப் பிரிக்கத் திணறி, தனிக் கவனம் கொடுத்தும் சில மாதங்களில் முன்னேற்றம் காணாத பிள்ளையைச் சிறப்புப் பயிற்றுநரிடம் அனுப்புங்கள். உங்கள் பகுதியிலிருந்து மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையும் எட்டும் தூரத்தில்தான் உள்ளது. ஆசிரியர்களுக்கான பயிற்சி குறித்துச் சென்னையிலுள்ள மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனிடம் கேட்கலாம்.

அனுப்பும்போது மதிப்பெண் பட்டியலை மட்டும் கொடுக்காதீர்கள். எந்தச் சொல்லை எப்படிப் படித்தான், எந்த எழுத்தை விட்டான், வீட்டில் பேசும் மொழி எது என்பதைத் தேதியிட்டு ஒரு நோட்டில் குறித்து, அவனே எழுதிய இரண்டு பக்கங்களையும் இணைத்துக் கொடுங்கள். மதிப்பீடு செய்பவருக்கு மதிப்பெண்ணைவிட அவையே அதிகம் பயன்படும்.