சங்கம் அப்புறம், முதலில் கிராம சபை

கேள்வி: சாயல்குடி பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம் எங்களுடையது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்ட முகாம் முடிந்து வந்த வேகத்தில், தோழிகளோடு சேர்ந்து எங்கள் ஊரணியில் கிடந்த குப்பையை அள்ளினேன். 'யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?' என்று ஊர்ப் பெரியவர்கள் கோபப்படுகிறார்கள். தோழிகளோ சங்கம் ஆரம்பிக்கலாம், நீ தலைவியாக இரு என்கிறார்கள். அம்மாவுக்குப் பயம். நான் என்ன செய்யட்டும் அக்கா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

நீ செய்தது நல்ல காரியம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே சமயம், பெரியவர்கள் கேட்டதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதே. ஆழத்தில் போர் போட்டால் உப்புத் தண்ணீர் வருகிற கரை உங்களுடையது. மழைத் தண்ணீரை ஊரணியில் தேக்கித்தான் தலைமுறை தலைமுறையாகக் குடித்திருக்கிறார்கள். அதில் யார் இறங்கினாலும் ஊர் கேட்கத்தான் செய்யும்.

சங்கம் இப்போது வேண்டாம். பெயர்ப்பலகை வைத்த மறுநாளே ஊரணி பின்னால் போய்விடும்; யார் தலைவர், எந்தத் தெருப் பிள்ளைகள், யார் வீட்டை விட்டுவிட்டீர்கள் என்பதுதான் பேச்சாக இருக்கும். உனக்கு வேறு வாசல் திறந்தே இருக்கிறது. 18 வயது முடிந்து, ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீ கிராம சபை உறுப்பினர். அங்கே பேச யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று இன்றே பார்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். உங்கள் மழை வடகிழக்குப் பருவமழை, அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் வேலை முடிய வேண்டும் என்றால் மே 1 கூட்டத்திலேயே மனு போய்ச் சேர வேண்டும்.

மனுவில் 'ஊரணியைச் சுத்தம் செய்யுங்கள்' என்று மட்டும் எழுதினால் போதாது. குப்பையை அள்ளிவிட்டாய், சரி. தண்ணீர் எந்த வழியாக வந்து சேரும்? வரத்துக்கால் சீமைக் கருவேலம் மண்டியோ, யாராவது வேலி போட்டோ அடைபட்டிருந்தால் எத்தனை முறை அள்ளினாலும் ஊரணி காய்ந்துதான் கிடக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் ஊரணியின் சர்வே எண்ணையும் எல்லையையும் கேட்டுக் குறித்துக்கொள். தோழிகளோடு வரத்துக்காலை முழுக்க நடந்து பார். எங்கே அடைப்பு என்று எழுதி, போட்டோவும் எடு. தூர்வாரும்போது எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை வயதான பெண்களிடம் கேள். கடலோரத்தில் அளவுக்கு மீறித் தோண்டினால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். எந்த இடத்தில் ஊற்றுத் தோண்டினால் நல்ல தண்ணீர், எங்கே கரிக்கும் என்பதெல்லாம் தள்ளுவண்டியில் குடம் வைத்துத் தள்ளி வந்த அவர்களுக்கு அத்துப்படி. கூட்டத்தில் அவர்கள் பேசட்டும். நீ மனுவை எழுதி, வாசித்து, அவர்களை உட்காரவைக்க இடம் பிடித்தால் போதும். என்னைக் கேட்டால் தலைமை இதுதான், அதற்குப் பதவி தேவையில்லை.

கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதும் உன் வேலைதான். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சி என்றால் குறைந்தது 100 பேர் வர வேண்டும். கடலுக்குப் போகிறவர்கள் எந்த நேரம் கரையில் இருப்பார்கள் என்று உனக்கே தெரியும், அப்போது போய்ச் சொல்.

அதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் கோபப்பட்ட பெரியவர்கள் வீட்டுக்குப் போ, அம்மாவையும் கூட்டிக்கொண்டு. மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. மனுவைக் காட்டி, முதல் கையெழுத்து நீங்கள் போடுங்கள் என்று கேட்கப் போகிறாய். சிலர் போடுவார்கள், சிலர் மாட்டார்கள். போடாதவர் வாசலுக்கு இன்னொரு முறையும் போ. மகள் யாரிடம் என்ன பேசுகிறாள் என்று கூடவே இருந்து பார்த்தால் அம்மாவின் பயமும் குறையும்.

தீர்மானம் நிறைவேறினால் பதிவேட்டில் ஏறியதா என்று அங்கேயே பார்த்துவிடு. பிறகும் வேலை நடக்கவில்லையா? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடு, 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். தேர்வுக் காலமாக இருந்தால் அந்த மனுவைத் தோழி ஒருத்தி எழுதட்டும்.