மிஷினை விற்றுவிட்டு கன்டெய்னர் இறக்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் 20 மிஷின் போட்டு பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறோம். கடைக்காரர் சீனச் சட்டை விலைக்குக் கேட்கிறார். "மிஷினை விற்றுவிட்டு நாமே இறக்குமதி செய்யலாம்" என்கிறான் மகன். என்ன செய்வது?

பதில்: அம்மா, முதலில் மகன் சொல்லும் கணக்கைத் தாளில் போட்டுப் பார்ப்போம். சீனாவில் கப்பலேறும்போது 100 ராண்ட் மதிப்புள்ள சட்டைக்கு இங்கே சுங்க வரி 45 ராண்ட். வாட் என்னும் மதிப்புக் கூட்டு வரியை வெறும் 100க்குப் போடுவதில்லை. 100உடன் 10 சதவீதம் கூட்டி, சுங்க வரியையும் சேர்த்து, 155 ராண்டுக்கு 15 சதவீதம். அது 23.25. ஆக 168.25. வாட் பதிவு இருந்தால் அந்த 23 பிறகு திரும்பும், ஆனால் முதலில் உங்கள் கையிலிருந்துதான் போகும். கப்பல் கூலியும் கிளியரிங் செலவும் தனி. இதற்கும் கீழே ஒரு விலையைக் கடைக்காரர் காட்டினால், இன்வாய்ஸில் யாரோ மதிப்பைக் குறைத்து எழுதியிருக்கலாம். அந்த வழிக்குப் போக வேண்டாம். சரக்கே பறிபோகும்.

ஷீன், டெமு போன்ற ஆன்லைன் கடைகள் மீதான பயம் வேறு கதை. 500 ராண்டுக்கு உட்பட்ட பார்சல்களுக்கு வாட் இல்லாமல் 20 சதவீத சுங்க வரி மட்டும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2024 செப்டம்பரிலிருந்து வாட்டும் சேர்ந்தது. உங்கள் சாம்பல் நிற டவுசருக்கு அவர்கள் பெரிய போட்டியில்லை.

உங்கள் பலம் நாள் கணக்கில் இருக்கிறது. ஜனவரியில் பள்ளி திறக்கும். இறக்குமதி செய்பவர் பல மாதம் முன்பே அளவுகளை ஊகித்து ஆர்டர் போட வேண்டும். 2023 நவம்பரில் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் வரிசை கட்டி நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். ஜனவரி இரண்டாம் வாரம் ஒரு அளவு தீர்ந்துபோனால் கடைக்காரர் ஷாங்காய்க்கா போன் செய்வார்? ஆகவே மொத்த ஆர்டரில் விலைக்கு மல்லுக்கட்டாதீர்கள். பத்து நாளில் தைத்துத் தரும் அவசர ஆர்டரைக் கூடுதல் விலைக்கு, முன்பணத்தோடு பேசுங்கள்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. இங்கே நெசவாலைகள் பல மூடிவிட்டதால், நீங்கள் வெட்டும் துணியும் பெரும்பாலும் கப்பலில்தான் வருகிறது. துணி கையில் இல்லாவிட்டால் பத்து நாள் என்பது வெறும் வாய்ச்சொல். வெள்ளை, சாம்பல், நேவி துணியை அக்டோபருக்குள் அலமாரியில் ஏற்றிவிடுங்கள். கடன் வாங்குவதானால் இதற்கு வாங்குங்கள், ஜெனரேட்டருக்கு அல்ல. மின்வெட்டு 2023இல் இருந்த மாதிரி இப்போது இல்லை. பழைய கிளட்ச் மோட்டார், தைக்காதபோதும் சுற்றிக்கொண்டே மின்சாரம் தின்னும். சர்வோ மோட்டார் மிதித்தால்தான் ஓடும். அதை மாற்றினால் சின்ன இன்வெர்ட்டரே மிஷின்களைத் தாங்கும். ஸ்டீம் அயர்னை மட்டும் அதில் மாட்டாதீர்கள்.

தொழிலாளர் சம்பளத்தையும் வேலை விதிகளையும் பேசி முடிக்கும் பேரப் பேச்சுக் குழுவின் (பார்கெயினிங் கவுன்சில்) சான்றிதழ் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; பெரிய கடைகள் அதைத்தான் முதலில் கேட்கும். பள்ளிகளிடமும் நேரே போகலாம். சீருடையை ஒரே கடைக்கு ஏகபோகமாகக் கொடுக்கக் கூடாது என்று போட்டி ஆணையம் பள்ளிகளிடம் சொல்லியிருக்கிறது.

மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். போன ஜனவரியில் எந்த அளவு, எந்தக் கடையில், எந்தத் தேதியில் தீர்ந்தது என்று கடை கடையாகக் கேட்டு எழுதி வரட்டும். அந்தத் தாள் வரும்வரை ஒரு மிஷினைக்கூட விற்காதீர்கள்.