சுவருக்குள் துருப்பிடித்த குழாய்: உடைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: திருச்சியில் எங்கள் வீடு 1986-இல் கட்டியது. சுவருக்குள் ஜி.ஐ. குழாய்கள் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள்). காலையில் குளியலறைக் குழாயைத் திறந்தால் சற்று நேரம் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்து, பிறகு தெளிகிறது. வேகமும் குறைந்துவிட்டது. ஒரு பிளம்பர், கெட்ட துண்டை மட்டும் வெட்டி மாற்றலாம் என்கிறார். ஒரு ஒப்பந்தக்காரரோ, எல்லாச் சுவரையும் உடைத்துப் பழைய குழாயை எடுத்தாக வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் உங்களுக்கு வேண்டாம். பழைய குழாயைச் சுவரிலேயே விடுங்கள். தண்ணீரை வடித்து, இரு முனைகளையும் மூடி போட்டு அடைத்துவிட்டு, புதிய குழாயை வேறு பாதையில் கொண்டுவரச் சொல்லுங்கள். தண்ணீர் இல்லாத இரும்புக் குழாய் சுவருக்குள் கிடப்பதால் கெடுதல் இல்லை. அதைப் பிடுங்கும்போதுதான் சுவர் சிதைகிறது, டைல்ஸ் செலவும் கூடுகிறது. பிடுங்கிய இரும்பு பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்று ஒப்பந்தக்காரரிடம் கேளுங்கள்.

முதலில் குற்றவாளி குழாய்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து நேரடியாக ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து, இரவு முழுக்க வையுங்கள். காலையிலும் தெளிவாக இருந்தால் குழாய்த் துருதான். மஞ்சளாகி அடியில் வண்டல் தங்கினால், ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்புச் சத்து இருக்கிறது. அப்படியானால் குழாயை மாற்றினாலும் நிறம் போகாது. இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. ஆனாலும் வேலைக்கு வருபவர் யாரும் இதைச் சொல்வதில்லை.

துண்டு போடுவதை ஏன் வேண்டாம் என்கிறேன்? ஜி.ஐ. குழாயில் மரை வெட்டும் இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடும், இரும்பும் மெலிந்துவிடும். துரு அங்கேதான் தொடங்கும். ஒரு இணைப்பைக் குறடு போட்டுத் திருகினால் அடுத்த இணைப்பு அசைந்து கசியும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நிறமும் வேகமும் நன்றாக இருந்து, ஒரே ஒரு தண்ணீர் டேப்பின் பின்னால் உள்ள எல்போ (வளைவு இணைப்பு) மட்டும் கசிந்தால், அதை மட்டும் மாற்றலாம். கவனியுங்கள்: நிறமும் நன்றாக இருக்க வேண்டும், வேகமும் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று கெட்டிருந்தாலும் இந்த விலக்கு பொருந்தாது. உங்கள் வீட்டில் இரண்டுமே கெட்டிருக்கின்றன. ‘இந்த ஒரு எல்போதான் அம்மா’ என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

இனி நான் சொல்வது உயிர் தொடர்பானது. பல பழைய வீடுகளில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிட்டிருப்பார்கள். இரும்புக் குழாய் மண்ணுக்குள் இறங்குவதால் அது எப்படியோ வேலை செய்தது. அங்கே பிளாஸ்டிக் குழாய் வந்த அன்றே வீட்டின் எர்த் அறுந்துவிடும். கீசரில் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்துக்கு வேறு வழியில்லை, குளிப்பவர் உடல்தான் வழி. ஆகவே பிளம்பர் வருவதற்கு முன்பே, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து எர்த் எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தனி எர்த் குழியும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவியும் இல்லாவிட்டால் முதலில் அவற்றைப் போடுங்கள். பழைய குழாயில் கை வைக்கும் நேரத்தில் மெயினை அணைத்தே ஆக வேண்டும். கசிவு மின்சாரம் அந்தக் குழாயில் ஓடிக்கொண்டிருந்தால் அறுப்பவருக்கே ஆபத்து.

புதிய குழாய் சி.பி.வி.சி.யாக, அதாவது வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். சுவருக்குள் போவதால் தடிமன் கூடிய எஸ்.டி.ஆர். 11 வகையைக் கேளுங்கள். கீசர் பாதையில் வெள்ளை யு.பி.வி.சி. வைத்து மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். வெந்நீரில் அது இளகிவிடும். ஒட்டும் பசையும் சி.பி.வி.சி.க்கு உரியதாகவே இருக்க வேண்டும். டேப் திருகும் இடங்களில் பித்தளை மரை பதித்த இணைப்புகளைப் போடச் சொல்லுங்கள். வெறும் பிளாஸ்டிக் மரையில் உலோக டேப்பைத் திருகினால் விரியும்.

பொருளை நீங்களே பில்லோடு வாங்குங்கள். பிளம்பர் கைகாட்டும் கடையில் அவருக்கு கமிஷன் இருக்கலாம். அது உங்கள் பில்லில்தான் ஏறும். குழாயின் மேல் ஐ.எஸ். 15778 என்ற இந்தியத் தர எண்ணும், சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். மின்பணிக்கு உரிமம் கேட்கும் நாட்டில், சுவருக்குள் குழாய் பதிப்பவரின் தகுதியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஐ.டி.ஐ.யில் பிளம்பர் பிரிவு இத்தனை காலமாக இருந்தும், படித்தவர் யார், படிக்காதவர் யார் என்று வீட்டுக்காரருக்கு எளிதில் தெரிவதில்லை. பூசி மூடிய பிறகு வந்து பார்க்கவும் ஆள் கிடையாது. அதனால் சோதனையை நீங்களே நின்று நடத்த வேண்டியிருக்கிறது.

சுவரில் பள்ளம் எடுப்பதை நேர் மேலிருந்து கீழாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒன்பது அங்குலச் சுவரில் அது மூன்று அங்குல ஆழத்தைத் தாண்டக் கூடாது. குறுக்காக என்றால் ஒன்றரை அங்குலம்தான். தூணையும் பீமையும் தொடவே கூடாது.

ஒட்டி முடித்து ஒரு நாள் காயவிட்டு, முனைகளை அடைத்து, கை பம்பால் தண்ணீரை ஏற்றி சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தத்தில் இரண்டு மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். கீசர் இணைப்பைக் கழற்றியிருக்க வேண்டும். காற்றடித்துச் சோதிக்க அனுமதிக்காதீர்கள், குழாய் வெடித்தால் துண்டுகள் தெறிக்கும். பம்பின் அழுத்தமானி முள் இறங்கினால் பூச்சு வேலை கிடையாது. இறங்காவிட்டால், அளவு நாடாவைச் சுவரில் பிடித்துக் குழாய்ப் பாதையைப் படமெடுத்துக்கொண்டு, அதன் பிறகு கொத்தனாரை வரச் சொல்லுங்கள். பிளம்பருக்குப் பாக்கிப் பணத்தையும் அன்றைக்குக் கொடுத்தால் போதும்.